பச்சை வயர் எங்கே போய் முடிகிறது?

நேற்றுக் காலை ஆறேகால் மணி. கீசர் ஓடிக்கொண்டிருந்தது. வோல்ட் அளக்கும் மீட்டரின் ஒரு முனையை ஃபிரிட்ஜ் கைப்பிடியின் திருகிலும் மறுமுனையைப் பக்கத்துப் பிளக்கில் மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் துளையிலும் வைத்தேன். 1.4 வோல்ட் காட்டியது. ஜூன் மாதம் இதே நேரத்தில் இதே திருகில் 188 வோல்ட் காட்டிய மீட்டர் இது. மழைக்காலமும் முடிந்துவிட்டது. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க வேண்டிய பச்சை வயரை, அதாவது எர்த் வயரை, சரிசெய்த கதையை இனி எழுதலாம்.

புதுக்கோட்டைக்கு வெளியே அப்பா 1986-இல் கட்டிய வீடு. சிவப்புச் சிமெண்டுத் தரை. வயரிங் பாதி சுவர்மேல் அடித்த மரப்பட்டையில் ஓடுகிறது, பாதி பின்னாளில் சுவரைக் கொத்திப் பதித்தது. மே மாதக் கடைசியில் அம்மா, "ஃபிரிட்ஜைத் தொட்டால் கை சுருக்கென்கிறது" என்றார். எப்போதும் இல்லை, காலையில் மட்டும் என்றார். அந்தக் கடைசிச் சொல்லை நான் அன்றே பிடித்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

ஃபிரிட்ஜில் ஷாக் என்றால் ஃபிரிட்ஜில்தான் கோளாறு என்று எண்ணி மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் வந்தது பிற்பகல் மூன்று மணிக்கு. கம்பிரசரைப் பார்த்தார், டெஸ்டரை வைத்தார், எரியவில்லை. 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, அம்மாவைச் செருப்புப் போட்டுக்கொண்டு தொடச் சொல்லிவிட்டுப் போனார். நான் 650 ரூபாய்க்கு ஒரு ரப்பர் பாய் வாங்கி ஃபிரிட்ஜின் முன்னால் விரித்தேன். ஷாக் நின்றது. நாங்களும் அதை மறந்தோம்.

இந்த வேலை முழுவதிலும் நான் செய்த மிகப் பெரிய தவறு அந்தப் பாய்தான். கசிவு அப்படியேதான் இருந்தது. அதை உணர்த்திக்கொண்டிருந்த ஒரே அடையாளத்தை நான் மறைத்துவிட்டேன். ஜூன் நடுவில் விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகள், ஆறு வயதுக் குழந்தை, காலையில் குளித்த ஈரக் காலோடு வந்து பாய்க்கு வெளியே நின்றபடி கைப்பிடியைப் பிடித்தாள். கையை உதறிவிட்டு அழுதாள். அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் விடியற்காலையிலேயே மீட்டரோடு உட்கார்ந்தேன். மூன்று துளைப் பிளக்கில், மின்சாரம் வரும் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 231 வோல்ட். அது சரி. நியூட்ரலுக்கும் மேலே உள்ள பெரிய எர்த் துளைக்கும் இடையே ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். 188 இருந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 43. அதாவது எர்த் வயரே பாதிக்கு மேல் பேஸாக மாறியிருந்தது. கூடத்துப் பிளக்கிலும் அதே கதை, வாஷிங் மெஷின் உடம்பிலும் அதே கதை. பிறகு ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எதைப் பிடுங்கியும் 188 இறங்கவில்லை. குளியலறை கீசரின் சுவிட்சை அணைத்ததும் மீட்டர் சரசரவென்று இறங்கியது.

காலையில் மட்டும் என்று அம்மா சொன்னது இதுதான். எங்கள் வீட்டில் கீசர் காலை ஆறு முதல் ஏழு வரைதான் ஓடும். கசிவது கீசரில். ஆனால் அந்தக் குளியலறையில் குழாயும் பிளாஸ்டிக், வாளியும் பிளாஸ்டிக் என்பதால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. பச்சை வயர் வீட்டிலுள்ள பல மூன்று துளைப் பிளக்குகளை ஒன்றோடொன்று கோத்திருப்பதால், அந்தக் கசிவு ஃபிரிட்ஜின் கைப்பிடியில் வந்து நின்றது. அப்பா தினமும் அந்தக் கீசர் தண்ணீரில்தான் குளித்தார்.

இதற்கு மேல் நானே கை வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். மீட்டரைப் பிளக்கில் வைத்துப் பார்ப்பது வேறு, மெயின் போர்டைத் திறப்பது வேறு. உரிமம் உள்ள ஒயர்மேன் ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். அந்த ஒயர்மேன் அண்ணன் வந்ததும் முதலில் மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "தெரியாமல் யாராவது போட்டுவிட்டால் என்ன செய்வது, தம்பி?" என்றார். மூன்று நாள் வேலையிலும் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போதுகூட அந்தக் கட்டைகள் அவர் பையில்தான் இருந்தன.

கீசரின் வயரைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்கும் காயிலுக்கும் கீசரின் உடம்புக்கும் இடையே, கசிவைத் தடுக்கும் தடையை அளக்கும் மெக்கரை வைத்தார். 500 வோல்ட் மெக்கர். ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டியது 0.02 காட்டியது. கணக்குப் போட்டால் சுமார் 11 மில்லி ஆம்பியர் கசிவு. பிடித்த கையை எடுக்க முடியாமல் போகும் எல்லைக்கு இது பக்கத்தில் இருக்கிறது.

பிறகு பச்சை வயரைத் தொடர்ந்து போனோம். மெயின் போர்டிலிருந்து கீழே இறங்கி, சுவரைத் துளைத்து, பின்பக்கம் கிணற்றடிக்குப் போகிறது. அங்கே ஓர் இரும்புக் குழாயில் கிளாம்ப் போட்டு நன்றாகத்தான் முறுக்கியிருந்தார்கள். அந்தக் குழாய் சுவரிலிருந்து ஓர் அடி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் இல்லை. 1986-இல் அது கிணற்றுக்குள் இறங்கிய, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் (ஜி.ஐ. குழாய்), தண்ணீர்க் குழாயையே எர்த்தாக வைத்துக்கொள்வது அப்போது பல வீடுகளில் வழக்கம். 2019-இல் ஆழ்துளைக் கிணறு போட்டபோது பழைய குழாயை அறுத்து எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டோம். குழாய் வேலைக்கு வந்தவருக்கு அந்தப் பச்சை வயர் எதற்கென்று தெரிந்திருக்க நியாயம் இல்லை. பக்கத்திலேயே நின்றிருந்த எனக்கும் தெரியவில்லை. நான்கு ஆண்டுகள் எங்கள் வீட்டு எர்த் வயர் மண்ணைத் தொடாமல் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே இன்னொன்றையும் செய்தேன். கிணற்றடியிலிருந்து வீட்டுச் சுவர் வரை துணி காயப்போட ஓர் இரும்புக் கம்பி கட்டியிருந்தோம். சுவர்ப் பக்கம் அது சுற்றியிருந்த ஆணிக்கு அரையடி மேலே மோட்டாருக்குப் போகும் வயர். ஈரத் துணியோடு கொடிக்கம்பியைத் தொட்டு உயிர்போன செய்தியை மழைக்காலந்தோறும் நாளிதழில் படிக்கிறோம். நம் வீட்டுக் கொடியை நிமிர்ந்து பார்ப்பதில்லை. கம்பியை அறுத்துவிட்டு 80 ரூபாய்க்கு நைலான் கயிறு கட்டினேன்.

இனி, எர்த் வயரை மண்ணோடு சேர்க்கும் எர்த் குழி. முதலில் மெயின் போர்டுக்கு நேர் கீழே, முன் வாசல் ஓரமாகத் தோண்டச் சொன்னேன். வயர் மிச்சமாகும் என்பது என் எண்ணம். நான்கு அடியில் செம்புறாங்கல் வந்துவிட்டது. கடப்பாரையில் தீப்பொறி பறந்ததே தவிர அது இறங்கவில்லை. சரி, குழி வேண்டாம், கம்பி அடித்துவிடலாம் என்று 450 ரூபாய்க்கு ஒரு செம்பு பூசிய கம்பி வாங்கி வந்தேன். மூன்று அடிக்கு மேல் அதுவும் போகவில்லை.

அண்ணன் பேஸிலிருந்து ஒரு 100 வாட் குண்டு பல்பை அந்தக் கம்பிக்கு இணைத்துப் பார்த்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. எர்த் நன்றாக இருக்கிறது என்று எனக்கு நிம்மதி. அண்ணனுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. கைபேசிக் கோபுரங்களைப் பராமரிக்கும் தன் மைத்துனரிடமிருந்து, மண்ணுக்குப் போகும் வழியின் தடையை அளக்கும் எர்த் டெஸ்டரை வாங்கி வந்தார். பத்து மீட்டரில் ஒரு முளை, இருபது மீட்டரில் ஒரு முளை அடித்து அளந்தார். 64 ஓம்! எர்த்துக்கு இது மிக அதிகம்.

பல்பு ஏமாற்றிய விதத்தை அன்றிரவு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எரியும் 100 வாட் பல்பின் தடை சுமார் 529 ஓம். அதோடு 64 ஓம் சேர்ந்தாலும் பல்புக்கு 205 வோல்ட் கிடைத்துவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எர்த் அறவே இல்லையா என்பதைத்தான் பல்பு சொல்லும். போதுமான எர்த்தா என்பதை அது சொல்லவே சொல்லாது. ஊரில் பாதிப் பேர் பல்பை நம்பித்தான் எர்த்தைச் சோதிக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

இரண்டாவது இடம், வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லை ஒட்டி. துவைத்த தண்ணீர் அங்கிருந்துதான் வாழைக்குப் போகும். மண் எப்போதும் ஈரம். ஆறு அடி வரை மண்வெட்டிக்கே இளகியது, பிறகு மறுபடியும் செம்புறாங்கல். ஆனால் ஈரத்தில் ஊறிய கல் என்பதால் கடப்பாரைக்குப் பெயர்ந்தது. இரண்டு பேர், ஒரு முழு நாள், 2,000 ரூபாய். எட்டரை அடி ஆழம், இரண்டடி அகலம். ஆழமான குழிக்குள் ஆள் இறங்கி வேலை செய்யும்போது மேலே ஒருவர் கட்டாயம் நின்றார், தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து நான்கடி தள்ளிக் கொட்டினோம்.

குழாய் 40 மில்லிமீட்டர் விட்டம், இரண்டரை மீட்டர் நீளம், ஜி.ஐ. கீழ்ப் பாதியில் 12 மில்லிமீட்டர் துளைகள். கிளாம்பும் தண்ணீர் ஊற்றும் புனலும் சேர்த்து 1,850 ரூபாய். கரி 25 கிலோ, சீமைக்கருவேலக் கரிதான், கிலோ 40 ரூபாய். தூத்துக்குடிக் கல் உப்பு 20 கிலோ 240 ரூபாய். இரண்டடிக் குழி முழுவதையும் கரியால் நிரப்பினால் கட்டுப்படியாகாது. அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு பக்கமும் வெட்டிய ஓர் அடி அகலத் தகர டின்னைக் குழாயைச் சுற்றி வைத்தார். டின்னுக்கு உள்ளே ஒரு சாண் கரி, இரண்டு விரல் உப்பு. வெளியே சலித்த மண். தண்ணீர் தெளித்துக் கம்பால் குத்திவிட்டு டின்னை மேலே இழுப்பார். மறுபடியும் கரி, உப்பு. இப்படி ஐந்தரை அடி வரை கரிக்கூடு குழாயை ஒட்டியே நின்றது. அதற்கு மேல் வெறும் மண். வாயில் சிமெண்டு உறையும் மூடியும், 350 ரூபாய்.

எட்டுக் கேஜ் ஜி.ஐ. கம்பி ஐந்து கிலோ வாங்கி, குழியிலிருந்து மெயின் போர்டுக்கு ஒன்றல்ல, இரண்டு தனித்தனிக் கம்பிகளாக இழுத்தோம். ஒன்று அரித்துப் போனாலும் இன்னொன்று நிற்கும். நான்கு குடம் தண்ணீர் ஊற்றி, மூன்று நாள் விட்டு அளந்தோம். 8.6 ஓம்.

அந்த எண்ணைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். அண்ணன் இல்லை என்றார். 8.6 ஓம் எர்த்தில் பேஸ் முழுதாக ஒரு சாதனத்தின் உடம்பில் பட்டாலும் சுமார் 27 ஆம்பியர்தான் ஓடும். மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு உடனே விழாது, சூடேறி விழ நேரம் எடுக்கும். பழைய பியூஸ் கட்டையில் யாராவது தடித்த கம்பி கட்டியிருந்தால் அதுவும் இல்லை. (எங்கள் கட்டையில் மூன்று இழை முறுக்கிக் கட்டியிருந்தது.) ஆகவே கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும். கடைகளில் இன்னும் ஈ.எல்.சி.பி. என்றுதான் கேட்கிறார்கள், கொடுப்பது இதைத்தான். உள்ளே போன மின்சாரமும் திரும்பி வருவதும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால், ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆவதற்குள் விழுந்துவிடும். 40 ஆம்பியர், இரண்டு முனை, 2,150 ரூபாய்.

அப்படியானால் குழி தோண்டாமல் இதை மட்டும் மாட்டியிருக்கலாமே என்று அப்பா கேட்டார். என் கீசரின் கசிவு 11 மில்லி ஆம்பியர். அதற்கு இந்தக் கருவி விழாது. காலில் ஈரத்தோடு நின்ற குழந்தைக்கு அந்த 11-ம் அதிகம். எர்த் இருந்தால் அந்தக் கசிவு கையைத் தேடாமல் மண்ணுக்குப் போய்விடும். கசிவு பெரிதாகும் நாளில் கருவி விழும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்வதில்லை.

மாட்டி, சுவிட்சைப் போட்டதும் கருவி விழாமல் நின்றது. அம்மா விளக்கேற்ற அடுப்படிக்குள் போனார், டப்பென்று விழுந்தது. மறுபடி போட்டோம். நின்றது. அடுப்படி விளக்கைப் போட்டால் விழுகிறது, இரவு விளக்கைப் போட்டால் விழவில்லை. 9 வாட் எல்.இ.டி. பல்பில் கோளாறு என்று நினைத்து மூன்று பல்பு மாற்றினேன். அரை நாள் போனது. கடைசியில் அண்ணன் மரப்பட்டையைப் பெயர்த்துப் பார்த்தபோது தெரிந்தது: அடுப்படி விளக்குக்குப் பேஸ் விளக்கு வரிசையிலிருந்து வருகிறது, நியூட்ரலை மட்டும் பக்கத்திலிருந்த கிரைண்டர் பிளக்கிலிருந்து கடன் வாங்கியிருந்தார்கள். விளக்கு வரிசையை நாங்கள் ஆர்.சி.சி.பி.க்கு வெளியே விட்டிருந்தோம், பிளக் வரிசை உள்ளே. ஒரு வழியாகப் போய் இன்னொரு வழியாகத் திரும்பிய மின்சாரத்தைக் கருவி கசிவாகவே கண்டது. 9 வாட்டுக்கு 40 மில்லி ஆம்பியர் தாண்டிவிடும். இரவு விளக்கின் சிறு பல்பு அந்த எல்லைக்குள் நின்றது. தனி நியூட்ரல் இழுத்து, விளக்கு வரிசையையும் உள்ளே சேர்த்தோம். அதற்குப் பிறகு விழவில்லை. பழைய வீடுகளில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று கழற்றி வீசுகிறார்கள். அது விழுவதற்கு இப்படி ஒரு காரணம் சுவருக்குள் இருக்கும். தேட வேண்டும்.

கீசரைச் சொல்லவில்லை. 25 லிட்டர் தொட்டியைத் திறந்தபோது காயில் தெரியவில்லை. சுண்ணாம்புக் கட்டிதான் தெரிந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் அவ்வளவு உப்பு. தட்டித் தட்டி எடுத்தால் ஒரு சிறு வாளி நிறைய. அடியில் காயிலின் உறை நீளவாக்கில் வெடித்திருந்தது. புதுக் காயில், ரப்பர் வாஷர், அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் மெக்னீசியம் கம்பி எல்லாம் சேர்த்து 1,280 ரூபாய்.

நவம்பரில் ஒரு மழை இரவு, இரண்டு மணிக்குக் கருவி விழுந்தது. காலையில் பார்த்தால் ஃபிரிட்ஜ் அணைந்து, இட்லி மாவு பொங்கி வழிந்திருந்தது. வாசல் கேட் விளக்கின் இணைப்புப் பெட்டிக்குள் எறும்புப் புற்றும் மழைத்தண்ணீரும். 180 ரூபாய்க்கு ரப்பர் ஓரம் வைத்த பெட்டி மாற்றினோம். அந்தக் கேட் இரும்பு. ஈரக் கையோடு பால்காரர் தினமும் தொடுவது.

செலவுக் கணக்கு நோட்டில் இப்படி இருக்கிறது: எர்த் குழிக்கு எல்லாம் சேர்த்து 5,990. ஆர்.சி.சி.பி., ஐந்து எம்.சி.பி., அவற்றுக்கான பெட்டி, ஒரு சுருள் பச்சை வயர், உள்ளே பச்சை வயரே இல்லாமல் வெறும் துளையாக இருந்த பிளக்குகளுக்குப் பதில் புதியவை என 6,630. கீசர் 1,280. அண்ணனுக்கு மூன்று நாள் கூலி 3,600. ஆக 17,500. மெக்கானிக், பாய், பயன்படாத கம்பி என்று வீணானது 1,500. கேட் பெட்டியும் கொடிக்கயிறும் தனி.

மறுபடி செய்தால், வீட்டுக்கே ஒரு ஆர்.சி.சி.பி. என்று வைக்காமல் இரண்டாகப் பிரிப்பேன்; வெளி விளக்கும் மோட்டாரும் ஒன்றில், ஃபிரிட்ஜும் அறைகளும் இன்னொன்றில். குளியலறைக்கு 10 மில்லி ஆம்பியரில் தனியாக ஒன்று. குழியை முதலிலேயே ஈரமான இடத்தில் எடுப்பேன். எர்த் டெஸ்டர் வராமல் குழியை மூடமாட்டேன்.

மாதத்தின் முதல் தேதி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது அம்மாவே போய் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்துகிறார். டப்பென்று விழ வேண்டும். விழுந்தால் அந்தத் தேதியைப் பெட்டிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் குறித்துவிட்டு மறுபடி ஏற்றிவிடுவார். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் குழிக்கு. மண் காய்ந்து கிடக்கும் மே மாதம் எர்த்தை மீண்டும் அளக்க வேண்டும். அந்த எண்ணுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

எதிர்வீடும் எங்கள் வீடும் ஒரே ஆண்டு, ஒரே கொத்தனார் கட்டியவை. போன வாரம் அந்த வீட்டுப் பெரியம்மா, வாஷிங் மெஷினைத் தொட்டால் கை சுருக்கென்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மீட்டரோடு போய்ப் பார்த்தேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 96 வோல்ட். பின்பக்கம் போனால் அதே மாதிரி சுவரிலிருந்து ஓர் அடி இரும்புக் குழாய், அதில் ஒரு கிளாம்ப். மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறார். தகர டின் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.